வைன், விஸ்கி, பாட்டில்: ஒரு டீச்சரின் தன்னிலை விளக்கம்



போன வாரம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டே போனில் பேசினேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் குரல் தானாக உயர்ந்துவிடும். "விஸ்கியை நிறுத்திட்டாங்கப்பா. அதுக்கெல்லாம் அடிப்படை வைன்தான். நேத்து ராத்திரி புதுசா ஒரு பாட்டில் போட்டேன், அருமையா இருக்கு" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற எங்கள் தெருக்காரம்மா முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, உடம்பு நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கேன் அம்மா. வைன், விஸ்கி, பாட்டில் மூன்றும் கம்ப்யூட்டர் சமாச்சாரம். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கென்று செய்த விளையாட்டுகளை, விண்டோஸ் போடாமலேயே ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் வழி. இந்த 66 வயதில் எனக்கு எதற்கு விளையாட்டு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதோடு, மூன்று மாதமாக மனதில் கிடக்கும் ஒரு கருத்தையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து படியுங்கள்.

கனடாவில் இருக்கும் என் பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பேச வராது. வீடியோ காலில் "ஹாய் பாட்டி", "பை பாட்டி" இரண்டோடு சரி. நடுவில் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் என் மகள்தான் பதில் சொல்வாள். ஒருநாள் அந்தக் குழந்தை தானாகவே ஓடி வந்து, "பாட்டி, இட்லித் தட்டை ஏன் மாத்தி மாத்தி வைக்கணும்?" என்று கேட்டாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆனால் கேள்வி அவளுடையது. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

விசாரித்தால், அவளிடம் இருக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு. டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்தது. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பது அம்மாவின் பெயர். பையன் பெயர் கவின். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, கறை பட்டு, சில வரிகள் அழிந்துபோய் இருக்கும். விளையாடுபவர்தான் விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பாடமே இட்லி. கீழ்த்தட்டு இட்லிக்கு நேர் மேலே மேல்தட்டின் குழி வந்தால் உப்பிய இட்லி போய் ஒட்டிக்கொள்ளும், ஆவியும் சரியாகப் போகாது. நமக்குக் கை செய்யும், வாய் சொல்லாது. இந்த விளையாட்டு அதையே புதிராக வைத்திருக்கிறது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருதும், அமெரிக்காவில் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதற்பரிசும் இதற்குக் கிடைத்தன. நம் அடுப்படியைப் பற்றிய விளையாட்டுக்கு!

பேத்தியோடு பேச எனக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அவள் பார்க்கும் படத்தை நானும் பார்க்க வேண்டும், அவள் சமைத்ததை நானும் சமைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மகன் புதுசு வாங்கியபோது எனக்குக் கொடுத்த பழைய மேக்புக் ஏர் வீட்டில் இருக்கிறது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் போய்த் தேடினேன். வெண்பா இருந்தது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் விண்டோஸ் அடையாளம் மட்டும்தான். ஆப்பிள் படம் இல்லை.

தெரிந்தவர்களைக் கேட்டேன். ஒருவர், "இதுல ஓடாது, விட்டுடுங்க" என்றார். இன்னொருவர், "ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கிடுங்க" என்றார். ஒரு மணி நேர விளையாட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாயா? கடைக்காரர் ஒருவர், "கொடுத்துட்டுப் போங்கம்மா, ஐந்நூறு ரூபா, விண்டோஸ் போட்டுத் தரேன்" என்றார். நல்லவேளை கொடுக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது உங்களில் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். "பேர் போடாதீங்க டீச்சர், எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்றான். சரி, போடவில்லை. அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் அவனே கீழே வந்து திருத்துவான்.

நம் சைதாப்பேட்டை கோர்ட் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் மனு எழுதித் தருபவர் உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டி வந்து தன் குறையைத் தன் பேச்சில் சொல்லும். அவர் அதை ஆபீஸ் எதிர்பார்க்கிற பாணியில், ஆபீஸ் கேட்கிற வரிசையில் எழுதித் தருவார். பதில் வந்தால் அதைப் பாட்டிக்குப் புரிகிற பேச்சில் சொல்வார். பாட்டி ஆபீஸ் பாஷை கற்கவில்லை. ஆபீஸும் மாறவில்லை. ஆனால் காரியம் நடந்துவிட்டது.

வைன் செய்வது அச்சாக இதைத்தான். ஒரு விளையாட்டு ஓடும்போது நொடிக்கு ஆயிரம் தடவை கம்ப்யூட்டரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஜன்னல் திற, இந்தக் கோப்பைப் படி, இந்தப் பாட்டைப் போடு, இந்த இடத்தில் நீலம் தீட்டு. விண்டோஸுக்குச் செய்த விளையாட்டு இதையெல்லாம் விண்டோஸ் பாஷையில் கேட்கும். மேக் முழிக்கும். வைன் நடுவில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை மேக் பாஷைக்கு மாற்றிக் கேட்டு, வந்த பதிலை விண்டோஸ் கொடுத்த மாதிரியே திருப்பித் தரும். விளையாட்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

விண்டோஸையே உள்ளே போடுவது வேறு கதை. பாட்டிக்காக வீட்டுக்குள் இன்னொரு ஆபீஸையே கட்டுவது மாதிரி அது. பேரலல்ஸ் போன்ற செயலிகள் அப்படித்தான் செய்கின்றன. மேக்குக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் முழு விண்டோஸையும் குடிவைக்கின்றன. ஆபீஸ் வேலைக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் இடம் அடைக்கும், நினைவகம் தின்னும், விண்டோஸுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். என் மாதிரிப் பழைய மேக்புக்குக்கு அது பாரம்.

அந்தக் கடைக்காரர் சொன்னது ஏன் நடக்காது என்றும் புரிந்தது. 2006 முதல் ஆப்பிளே 'பூட் கேம்ப்' என்று ஒரு வசதி கொடுத்திருந்தது. இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் விண்டோஸை நேராகப் போட்டுக்கொள்ளலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்பான எம்1-க்கு மாறியது. அந்தச் சிப் உள்ள மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. என்னுடையது எம்1. அவர் ஐந்நூறு ரூபாய்க்கு எதைப் போட்டிருப்பாரோ தெரியாது. திருட்டு விண்டோஸோடு என்னென்ன வேண்டாத சரக்கு சேர்ந்து வரும் என்பதும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் என் பென்ஷன் கணக்கையும் பார்க்கிறேன்.

என் மேக்கில் நடப்பது ஒரு மொழிபெயர்ப்பு இல்லை, மூன்று. முதலாவது சிப்பின் பாஷை. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதப்பட்டவை. அதை ஆப்பிள் சிப்புக்கு மாற்றுவது ஆப்பிளின் 'ரொசெட்டா 2'. இரண்டாவது, விண்டோஸ் கேள்விகளை மேக் கேள்விகளாக மாற்றும் வைன். மூன்றாவது படம் வரையும் பாஷை. விண்டோஸில் 'டைரக்ட்எக்ஸ்', மேக்கில் 'மெட்டல்'. அதற்கும் தனி மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. மூன்று பேர் கைமாறி வந்தும் என் திரையில் இட்லி ஆவி பறந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

இனி அந்த மூன்று பெயர்கள். வைன் என்ற வேலை 1993-ல் தொடங்கியது. வைன் என்பதன் விரிவு 'வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்', அதாவது வைன் ஒரு போலிக் கம்ப்யூட்டர் இல்லை என்று பொருள். 1994 முதல் இன்றுவரை அலெக்சாண்டர் ஜூலியார் என்பவர் தலைமையில் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி வருகிறார்கள். முதல் முழுமையான பதிப்பு, வைன் 1.0, வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து வருஷம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை டிகிரி முடிக்கிற காலம். அதுவரை விடாமல் செய்திருக்கிறார்கள். அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

அதே வைனை மேக்கில் எளிதாகப் பயன்படுத்தும்படி 'கிராஸ்ஓவர்' என்ற பெயரில் விற்பது கோட்வீவர்ஸ் என்ற அமெரிக்கச் சின்ன நிறுவனம். ஜூலியார் வேலை செய்வதும் அங்கேதான். இதில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன இடம் ஒதுக்குவார்கள். அந்த இடத்துக்குத்தான் பாட்டில் என்று பெயர். நாத்தனாரே, கவனிக்கவும். 2018-ல் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் இவர்களோடு சேர்ந்து, வைனை வைத்து 'புரோட்டான்' என்று ஒன்றைச் செய்தது. 2022-ல் அவர்கள் விற்ற ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பெட்டியில் விண்டோஸ் கிடையாது. விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவது இதன் தயவில்தான். 2023-ல் ஆப்பிளே விளையாட்டு செய்பவர்களுக்காக ஒரு கருவி கொடுத்தது. அதிலும் கிராஸ்ஓவரின் நிரல்தான் அடித்தளம். பெரிய மாளிகைகளின் கீழே பார்த்தால் இந்த மனு எழுதுகிறவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

விஸ்கி என்பது ஒரு மாணவர் எழுதிய இலவசச் செயலி. வைனையும் ஆப்பிள் கருவியையும் அழகான ஒரு திரைக்குள் வைத்துக் கொடுத்தார். நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். 2025-ல் அவரே அதை நிறுத்திவிட்டார். படிப்பு, நேரமின்மை என்பதோடு இன்னொரு காரணமும் சொன்னார். மேக்கில் வைனை உயிரோடு வைத்திருப்பது கிராஸ்ஓவர் விற்ற காசு. இலவசமாக வரும் விஸ்கி அந்த வருமானத்தைக் கெடுத்தால் கடைசியில் எல்லோருக்கும்தான் நஷ்டம். அதனால் கிராஸ்ஓவரையே வாங்குங்கள் என்று தன் பயனாளர்களுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். அவர் யார் பிள்ளையோ. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது.

"இதுல ஓடாது" என்ற வார்த்தையை நாம் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல. 1989 என்று நினைவு. ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவன். எதைக் கேட்டாலும் பதில் வராது. கரும்பலகையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, என் குறிப்பு நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'மந்தம்' என்று எழுதினேன். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவள்தான் நான்.

ஒருநாள் இடம் மாற்றி உட்கார வைத்தபோது அவன் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான் கேள்வி கேட்டதும் அவள் அவன் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அவன் பளிச்சென்று விரல் காட்டினான். ஏழு. சரியான விடை. அடுத்த கேள்விக்கும் அப்படியே. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை. அந்தப் பெண் வீட்டிலும் தெலுங்கு. மூன்று மாதமாக அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் பாஷை மட்டும் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் வைத்தேன். முழுப் பரீட்சைக்குள் அவன் தமிழிலேயே பதில் சொன்னான். நோட்டில் எழுதியதை அடித்தேன். அடித்த கோடு இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

என் மேக்கில் வெண்பா ஓடியபோது அந்த இரண்டு குழந்தைகளும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பொருளில் குறை இல்லை, பெட்டியிலும் குறை இல்லை. நடுவில் உட்கார ஒரு ஆள் இல்லாமல்தான் இருந்தது.

இது விளையாட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2000-க்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது தமிழ் கற்க, கணக்குப் போட என்று சின்னச் சின்ன விளையாட்டு சி.டி.க்கள் புழக்கத்தில் இருந்தன. நான் சொந்தக் காசில் வாங்கியதில் நான்கு இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. இன்றைக்கு என்னிடம் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் அவை ஓடாது என்று நினைத்திருந்தேன். என் மாணவன் அவற்றைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். கிராஸ்ஓவரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் போட்டுப் பார்த்தோம். இரண்டு ஓடவே இல்லை. ஒன்று பாதியில் நின்றது. நான்காவது ஓடியது. யானை வந்தது, மணி அடித்தது. ஆனால் எழுத்தெல்லாம் புழு நெளிகிற மாதிரி, ஆங்கிலக் குறிகளாக வந்தன.

காரணம் உங்களில் டி.டி.பி. வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். யூனிகோட் வருவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்துத்தான் எழுத்துரு செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. ஒரு ஊரில் அடித்தது இன்னொரு ஊரில் குப்பையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. பொதுவான விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் அதன் பிறகுதான் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் அடித்த கேள்வித்தாள்கள், சங்க அறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள், கவிதைகள் எத்தனை இன்று திறக்க முடியாமல் கிடக்கின்றன! அந்த சி.டி.யிலேயே பழைய எழுத்துரு இருந்தது. அவன் அதை எடுத்து அந்தப் பாட்டிலுக்குள் போட்டான். மறுபடி திறந்தோம். 'அம்மா' என்று வந்தது. இருபது வருஷத்துக்கு முன் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திய அதே திரை.

ஒரு பெட்டிக்காகச் செய்த பொருள் அந்தப் பெட்டியோடு சேர்ந்து சாகக் கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது. பெரிய நிறுவனங்கள் முன்னே போய்க்கொண்டே இருக்கும். பின்னால் விட்டதைத் திரும்பிப் பார்க்காது. 2019-ல் ஆப்பிள் தன் கேட்டலினா பதிப்பில் 32 பிட் செயலிகளுக்குக் கதவை மூடியது. மேக்குக்கென்றே காசு கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டுகள் ஒரே இரவில் செத்துப்போயின. அதன் பிறகும் அதே மேக்கில் 32 பிட் விண்டோஸ் விளையாட்டை ஓட வைத்தவர்கள் கோட்வீவர்ஸ்காரர்கள். இப்போது ரொசெட்டாவுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாக இருக்கும், அதன் பிறகு பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்று 2025-ல் ஆப்பிள் அறிவித்திருக்கிறது. அந்தப் பகுதியாவது இருக்கிறதே என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அடுத்தவர் தயவை நம்பி இருப்பதற்கும், நமக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

"அந்த விசை கேம்ஸ்காரர்களே மேக்குக்கும் செய்திருக்கலாமே" என்று என் தம்பி கேட்டான். சின்னக் குழு அப்பா. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் செய்து, சோதித்து, வருஷக்கணக்கில் பழுது பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். அவர்கள் கதையைச் செய்தார்கள். அதை நம் வீட்டுக்குக் கொண்டுவர இன்னொருவர் இருக்கிறார். அவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நாம் இலவசத்துக்குப் பழகிவிட்டோம். கிராஸ்ஓவரை 14 நாள் காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பார்த்தேன், ஓடியது, பிறகு காசு கொடுத்து வாங்கினேன். "கிராக் பண்ணினது கிடைக்குமே அக்கா" என்று சொன்ன உறவினரே, படிக்கிறீர்களா? பதினைந்து வருஷம் பொறுமையாக உழைத்தவன் உழைப்பை ஓட்டை போட்டு எடுப்பதா? காசு இல்லாத மாணவர்களுக்கு வைனே இலவசமாக இருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். மெனக்கெட்டால் கற்றுக்கொள்வீர்கள்.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. முதலில் அந்த விளையாட்டு மேக்குக்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீம் கடையில் ஆப்பிள் படம் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஆனால் பழைய விளையாட்டு என்றால் அது 32 பிட்டா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

2. உங்கள் மேக்கில் என்ன சிப் என்று தெரிந்துகொள்ளுங்கள். திரையின் இடது மேல் மூலையில் இருக்கும் ஆப்பிள் படத்தை அழுத்தினால் முதல் வரியிலேயே வழி இருக்கிறது.

3. கோட்வீவர்ஸ் தளத்தில் எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் பாருங்கள். பிறகு 14 நாள் சோதனை.

4. கிராஸ்ஓவருக்குள் விண்டோஸ் ஸ்டீமைப் போட்டு, அதன் வழியாக விளையாட்டை இறக்க வேண்டும். நான் செய்தது அப்படித்தான்.

5. எல்லாம் ஓடும் என்று நம்பாதீர்கள். பல பேர் சேர்ந்து சண்டை போடும் சில விளையாட்டுகளில் ஏமாற்றுவதைப் பிடிக்க ஒரு காவல் நிரல் இருக்கும். அது விண்டோஸின் அடிமடி வரை போய்ப் பார்க்கும். வைனைக் கண்டால் உள்ளே விடாது. வேலரன்ட் அப்படிப்பட்டது. அதற்காக உங்கள் மகன் அழுதால் நான் பொறுப்பில்லை.

6. ஓடாவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் வெண்பா இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் விளையாட்டு. முழுக்க விளையாடி முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டது தெரிந்தால் பெஞ்ச் மேல் ஏற்றுவேன். வயது நாற்பதானாலும் சரி.

7. தெரியாத தளத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். இது விளையாட்டுக்கு மட்டும் சொல்வதில்லை.

இவ்வளவு பாடுபட்டு வெண்பாவை முடித்தேனா என்று கேட்பீர்கள். முடித்தேன். இட்லியில் முதல் தடவை தோற்றேன்! நாற்பது வருஷம் இட்லி ஊற்றிய கை, மவுஸைப் பிடித்ததும் தடுமாறிவிட்டது. பேத்தி அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். "நோ பாட்டி, மாத்தி வை, மாத்தி வை" என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கதையில் கவின் வளர வளர அம்மாவின் பேச்சிலிருந்து விலகிப் போகும் இடங்கள் வந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. என் மகளும் பேசவில்லை. குழந்தைதான், "பாட்டி, அந்த நோட்ல என்ன எழுதியிருக்கு? படி" என்றாள்.

படித்தேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. ஒன்றாம் வகுப்புக்குப் படிப்பது மாதிரி. அவள் திருப்பிச் சொன்னாள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நம் நேரம் ஆறரைக்கு, அவர்களுக்குக் காலை நேரம், எங்களுக்கு வகுப்பு. அடுத்தது அந்தப் பழைய யானை சி.டி. அதை அவள் கம்ப்யூட்டரில் ஓட வைக்க வேண்டும். அவள் அப்பாவிடம் இருப்பதும் மேக்தான். பாட்டில் போடுவது எப்படி என்று மருமகனுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய சி.டி.யோ, திறக்காத தமிழ்க் கோப்போ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். "ஓடாது" என்று யாராவது சொன்னால் ஒரு தடவை முயன்று பாருங்கள். ஓடினால் எந்த விளையாட்டு, எந்த மேக் என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். ஓடாவிட்டாலும் எழுதுங்கள். கடைசி பெஞ்ச்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம், 1989-ல் ஒன்றாம் வகுப்பில், பக்கத்துப் பையன் காதில் தெலுங்கில் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் இதைப் படித்தால், எனக்கு ஒரு போன் போடம்மா. மிட்டாய் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சைதாப்பேட்டை